ஓங்கி அடித்தால் பந்து போகாது!

கோல்ப் ஆட்டத்தில் பந்தை யாரும் வீசி எறிவதில்லை. அது புல்லின் மேல் சும்மா கிடக்கிறது. ஆட்டக்காரர் கையில் மட்டை இருக்கிறது. அடிக்க வேண்டியதுதானே? இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

புதியவர் இப்படித்தான் நினைக்கிறார். மட்டையை ஓங்குகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே போடு போடுகிறார். மண் பறக்கிறது. பந்து அங்கேயே கிடக்கிறது!

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையம் இருக்கிறது. கார் பந்தயத் திடலால் பலருக்கும் தெரிந்த ஊர். அங்கே 18 குழிகள் கொண்ட கோல்ப் மைதானமும் உண்டு. ஒரு காலத்தில் இது மலை மேல் துரைமார் ஆடிய ஆட்டம். கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895-ல் ஏற்பட்டது. இன்று நம்மவர்களே ஆடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால் பலர் முதலில் போவது கடைக்கு! பை நிறைய மட்டைகளை வாங்கிவிடுகிறார்கள். ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆட்ட விதி. 14-ம் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. புதிதாகக் கற்பவருக்கு மூன்று போதும். 7-ம் நம்பர் இரும்பு மட்டை ஒன்று. கிட்டத்தில் அடிக்க, முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை ஒன்று. பந்தை உருட்டிக் குழியில் விட ஒன்று. மிச்சப் பணத்தை வாத்தியாருக்குக் கொடுக்கலாம். மட்டை கடையில் கிடைக்கும். வீச்சு கிடைக்காது.

மண்வெட்டி வேறு, மட்டை வேறு

கொங்கு நாட்டுக் கை உழைத்த கை. மண்வெட்டி பிடித்த கை. அதுவே இங்கே இடைஞ்சல்! மண்வெட்டியை மேலே தூக்கிக் கீழே போடுகிறோம். கோல்ப் மட்டை உடம்பைச் சுற்றி வர வேண்டும். மாரியம்மன் நோன்பியில் குடைராட்டினம் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடுக்கம்பம் நின்ற இடத்தில் நிற்கிறது. குதிரைகள்தான் பறக்கின்றன. முதுகெலும்புதான் அந்த நடுக்கம்பம். கைகளும் மட்டையும் குதிரைகள்.

முதல் பாடம் பிடி. வலது கைக்காரருக்கு இடது கை மேலே, வலது கை கீழே. உள்ளங்கையில் அழுத்தாமல் விரல்களில் பிடிக்க வேண்டும். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற பக்குவம் வேண்டும். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு கட்டையாகிவிடும். மட்டையின் வேகம் செத்துப்போகும். அந்த வேகம்தான் பந்தைத் தூரத்துக்கு அனுப்புகிறது, புஜபலம் அல்ல.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். மட்டை பின்னால் போகும்போது தோள் திரும்பும், பாரம் வலது காலுக்குப் போகும். அடிக்க வரும்போது இடுப்பு முதலில் திரும்பும், பாரம் இடது காலுக்கு வரும். கை கடைசியில்தான் வருகிறது.

இனி வருவதுதான் வேடிக்கை. பந்து உயரமாக எழ வேண்டுமா? மேல்நோக்கித் தூக்கக் கூடாது! புதியவர்கள் குழம்பைக் கரண்டியால் அள்ளுவது போலப் பந்தை அள்ளப் பார்க்கிறார்கள். இரும்பு மட்டையின் முகமே சாய்வாகச் செய்யப்பட்டிருக்கிறது. பந்தை எழுப்புவது அதன் வேலை. மட்டை கீழ்நோக்கி வந்து முதலில் பந்தையும் பிறகு மண்ணையும் தொட்டால் போதும். 46 கிராம்கூட இல்லாத பந்து தானாக எழும்.

"தலையைத் தூக்காதே!" என்று பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் கத்துவார்கள். பாதிதான் உண்மை. அடிபடும்வரை தலை ஆடக் கூடாது. பந்து போன பிறகும் தரையையே முறைத்தால் தோள் எப்படித் திரும்பும்?

முதல் வாரம் பந்தே வேண்டாம். வெறும் வீச்சு போதும். பிறகு இடுப்பு உயரத்துக்கு மட்டும் மட்டையை எடுத்து, முப்பது அடி தூரம் அடிக்கலாம். பிள்ளைகள் இதற்குப் பொறுமையாக இருப்பார்கள். அப்பாக்கள்தான் அவசரப்படுகிறார்கள்!

யாருடைய ஆட்டம்?

இது பணக்காரர் ஆட்டம் என்று ஒதுங்குகிறவர்கள் பெங்களூரைப் பார்க்க வேண்டும். அங்கே பிறர் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி'யாக இருந்தவர் முனியப்பா. 2009-ல் இந்திய ஓபன் பட்டத்தையே வென்றார். அதே பெங்களூரில் 5 வயதில் மட்டை பிடித்த பெண் அதிதி அசோக். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பெற்றார். ஒரே அடியில் பதக்கம் தவறியது.

பை சுமப்பவர்கள் தினமும் நூறு வீச்சுகளைப் பார்க்கிறார்கள். யார் எங்கே தவறுகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளையும், சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளையும் வாரத்தில் ஒரு காலையாவது மைதானத்துக்குள் விட வேண்டும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். பெரிய செலவு கிடையாது. ஒரு 7-ம் நம்பர் மட்டையை இருபது பிள்ளைகள் மாற்றி மாற்றி வீசலாம். ஒருவர் வீசும்போது மற்றவர்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.