ஏழா, எட்டா?

கடந்த வருடம் உம்மாவின் கண் பரிசோதனைக்கான திகதி ஒரு செயலி வழியாகக் கைப்பேசிக்கு வந்தது. 7/8 என்று இருந்தது. சுவர்க் கலண்டரில் ஓகஸ்ட் ஏழுக்கு உம்மா வட்டம் போட்டார். நானும் பார்த்தேன், எனக்கும் சரியென்றே பட்டது. அன்று காலை போய் நின்றபோதுதான் எங்களுக்குரிய நாள் ஜூலை எட்டாம் திகதியே கடந்துவிட்டது தெரிந்தது. சீனி வியாதிக்காரரின் கண்ணுக்கு ஒரு மாதம் சிறிய காலமல்ல. "நான்தான் மகள் பிழையாப் பாத்துட்டன்" என்று வரும் வழியெல்லாம் உம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

உம்மா பிழையாகப் பார்க்கவில்லை. கைப்பேசியின் பிராந்திய அமைப்பில் இலங்கை என்றுதான் இருக்கிறது. வாங்கிய அன்று நானே அமைத்துக் கொடுத்தேன். அந்தச் செயலி அதைக் கவனிக்காமல் மாதத்தை முன்னே போட்டது.

மாதத்தை முதலில் எழுதுவது அமெரிக்கர் வழக்கம். அவர்கள் ஊருக்கு அது சரி. எங்கள் கைப்பேசிகள் பலவற்றில் மொழி 'அமெரிக்க ஆங்கிலம்' என்றே இருக்கும். மென்பொருள் எழுதுபவர் பிராந்தியத்தைப் பார்க்காமல் மொழியை மட்டும் பார்த்தால், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த குற்றத்துக்காக நாங்கள் அமெரிக்காவில் குடியேறியவர்களாகிவிடுகிறோம்! இத்தனைக்கும் ஒவ்வொரு நாட்டின் திகதி வழக்கமும் யூனிகோட் அமைப்பின் தரவுத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே இதை அறியாமை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

8/25 என்று வந்திருந்தால் உம்மாவே பிடித்திருப்பார். 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே. நாளின் எண் 12க்குள் இருக்கும்போதுதான் ஆபத்து. இரண்டு விதமாக வாசித்தாலும் சரியான திகதியாகவே தெரியும். வருடத்தில் அப்படி 144 நாட்கள். 1/1, 2/2 போன்ற பன்னிரண்டைக் கழித்தால் 132. வருடத்தில் மூன்றிலொரு பங்குக்கும் மேல்! இதை வாசிக்கும் பெற்றோரே, உங்கள் கைப்பேசியில் மொழி எது, பிராந்தியம் எது என்று ஒரு தடவை பாருங்கள்.

வருடம், மாதம், நாள் என்ற வரிசையை எல்லோரும் பாவித்தால் குழப்பமே இல்லை என்கிறாள் என் வகுப்புத் தோழி. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 சொல்வதும் அதுதான். எங்கள் அடையாள அட்டையிலும் பிறந்த வருடம்தான் முதலில். கணினிக்குள் சேமித்து வைக்க அது மிக நல்ல முறை. ஆனால் உம்மாவின் கண்ணுக்குக் காட்டும்போது 'ஜூலை' என்று மாதத்தின் பெயரைப் போடலாமே. இரண்டே எழுத்துத்தான் செலவு.

செயலியை நடத்துபவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "உங்கள் கைப்பேசியின் திகதி அமைப்பைச் சரிபார்க்கவும்."

சரிபார்த்தேன். இலங்கை என்றே இருக்கிறது.