தூளியை ஆட்டும் கைக்கு

பள்ளிபாளையத்தில் விசைத்தறிகள் இரவிலும் ஓடுகின்றன. அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடுகிறது. இரவுமுறைக்குச் செல்லும் தாயின் குழந்தைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியே காப்பகம். 50 பேர் வேலைசெய்யும் இடத்தில் காப்பகம் வேண்டுமென்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது; பத்துத் தறிக் கூடத்தை அது தொடவில்லை.

இதே மாவட்டத்தின் கொல்லிமலையில் தோட்ட வேலைக்குப் போகும் மலையாளிப் பழங்குடித் தாய்மாருக்கும் நிலைமை இதுதான். பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அவருக்கு அரசுக் கணக்கில் இடமில்லை.

காப்பகத் திட்டத்தின் பணம் 2016 முடியும்வரை மத்திய சமூக நல வாரியம் போன்ற அமைப்புகளின் வழியே போயிற்று. தக்கர் பாபா நிறுவிய பாரதிய ஆதிம்ஜாதி சேவக் சங்கத்துக்கும் முன்பு அதில் பங்கிருந்தது. (அச்சங்கம் பழங்குடியினருக்காக ஏற்பட்டது, பழங்குடியினர் ஏற்படுத்தியதன்று.) 2017இல் திட்டம் மாநிலங்களிடம் வந்தது, 2022 முதல் ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு ஒட்டிக்கொண்டது. ஆக, பணம் கட்டடத்தைத் தேடுகிறது.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பராமரிப்பு நிதியில் பூர்வகுடிகளுக்கென ஒரு பங்கை ஒதுக்கியது. பராமரிப்பவருக்கான விதிகளை அவர்களே வகுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. கொல்லிமலையிலும் ஊர், நாடு என்னும் பழைய ஒழுங்கு உண்டு. யாரிடம் குழந்தையை நம்பி விடலாமென்று ஊர் சொல்லட்டும். மானியத்தை அரசு அவருக்கே கொடுக்கட்டும். ஊர்க்கவுண்டர்கள் ஆண்களாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயந்தான், அவர்கள் தூளி ஆட்டி நான் பார்த்ததில்லை. சொல்லும் உரிமை தாய்மார் குழுவிடம் இருக்க வேண்டும். குழந்தையின் எடையைக் கிராம செவிலியர் மாதந்தோறும் பார்த்து எழுதிவைக்கட்டும். மலையில் இது நடந்துவிட்டால், பள்ளிபாளையத்துத் தறிக்கூடத் தெருவுக்கும் அதே விதியைக் கேட்கலாம்.