வைஃபை வரிசையில் சிக்கிய என் இன்டர்வியூ

போன மாதம் ஹாஸ்டல் ரூமில் இருந்து ஒரு ஆன்லைன் இன்டர்வியூ. சட்டையை அயர்ன் பண்ணி, பின்னால் கொடியில் தொங்கிய துண்டுகளை எல்லாம் சுருட்டி ஒளித்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் அருமை. அப்புறம் அந்தப் பக்கம் இருந்தவர் வாயசைக்கிறார், சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது அவர் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். மூன்றாவது தடவை இப்படி ஆனதும் "சரி, சொல்லி அனுப்புகிறோம்" என்றார். இன்னும் அனுப்பவில்லை.

விசாரித்தால், பக்கத்து ரூம் நண்பன் அதே நேரத்தில் ஒரு கேமை டவுன்லோட் போட்டிருக்கிறான். "நெட் ஸ்பீடு பத்தலைடா, பெரிய பிளானுக்கு மாறச் சொல்லணும்" என்று எல்லாரும் தீர்ப்பு சொன்னார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ராத்திரி அவனை மறுபடி டவுன்லோட் போடச் சொல்லிவிட்டு, காரிடாரில் தொங்கும் ரவுட்டரை மட்டும் பிங் பண்ணிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது நாலைந்து மில்லிசெகண்டில் வந்த பதில், டவுன்லோட் ஓடும்போது ஒரு செகண்டைத் தாண்டியது. ரவுட்டர் இருப்பது இருபதடி தூரத்தில். இருபதடி போய்வர ஒரு செகண்ட்!

அந்த ஒரு செகண்டும் என் பாக்கெட் வரிசையில் நின்ற நேரம். வெளியில் இருந்து வரும் இணைப்பு வைஃபையைவிட வேகமாக இருந்ததால்தான் ரவுட்டரில் கூட்டமே சேர்ந்தது. பெரிய பிளான் போட்டால் கூட்டம் இன்னும் சீக்கிரமாகச் சேரும், அவ்வளவுதான். அதனால் என் கட்சி இது: நம்மைப் படுத்துவது பெரும்பாலும் வேகக் குறைவு இல்லை, வைஃபை டிரைவருக்குள் கேட்பாரற்றுக் கிடக்கும் பஃபர். அதைச் சரிசெய்யும் வழியும் பல வருடங்களாகத் தயாராக இருக்கிறது.

இந்த வியாதிக்கு 2010-ல் ஜிம் கெட்டிஸ் வைத்த பெயர் பஃபர்புளோட். நினைவகம் மலிவாகிவிட்டது, பாக்கெட் தொலைந்தால் கெட்ட பெயர், ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று ஆளாளுக்குப் பெரிய பஃபர் வைத்தார்கள். லினக்ஸில் ரொம்ப நாள் வழக்கமாக இருந்த வரிசை நீளம் 1000 பாக்கெட். ஒன்று 1500 பைட் என்றால் மொத்தம் 15 லட்சம் பைட், அதாவது 1.2 கோடி பிட். 100 எம்பிபிஎஸ்ஸில் அது காலியாக 0.12 செகண்ட் போதும். சுவர் குறுக்கிட்டு வைஃபை 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் 12 செகண்ட்! வரிசையை நேரத்தால் அளக்காமல் எண்ணிக்கையால் அளந்ததுதான் தப்பு.

இதில் இன்னொரு கூத்து. டிசிபி தன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் ஏதாவது ஒரு பாக்கெட் தொலைய வேண்டும். பஃபர் எதையும் கீழே போடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டால், அனுப்புகிறவனுக்கு நெரிசலே தெரியாது. மேலும் மேலும் கொட்டுவான். எல்லையற்ற நினைவகம் இருந்தாலும் நெரிசல் தீராது என்று ஜான் நேகிள் 1985-லேயே ஓர் ஆர்எஃப்சியில் எழுதிவிட்டார். நம் பரீட்சையில் மட்டும் இன்னமும் "பாக்கெட் லாஸ் கெட்டது" என்று எழுதினால்தான் மார்க் :-)

ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு டீ வேண்டும். முன்னால் ஒருவன் தன் கும்பலுக்காக நாற்பது தட்டோடு நிற்கிறான். ஆளுக்கொரு வரிசை வைத்து ஒவ்வொருவருக்கும் மாறி மாறிக் கொடுத்தால் என் டீ உடனே வந்துவிடும், நாற்பது தட்டுக்கும் நஷ்டமில்லை. இதுதான் ஃபேர் க்யூயிங். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட கோடெல் இன்னொரு பாதி. 100 மில்லிசெகண்ட் பார்த்தும் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கவில்லை என்றால், பாக்கெட்டுகளை உதற ஆரம்பிக்கும். அனுப்புகிறவனுக்கு உடனே உறைக்கும். இரண்டையும் சேர்த்த எஃப்க்யூ கோடெல் அதே வருடம் லினக்ஸ் 3.5-ல் வந்துவிட்டது.

அப்படியானால் வைஃபை ஏன் திருந்தவில்லை? வைஃபையில் ஒவ்வொரு தடவை வாய் திறப்பதற்கும் செலவு அதிகம். அதனால் பாக்கெட்டுகளை மூட்டையாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். மூட்டை கட்டுவதற்காக டிரைவர் தனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டது. மேலே எவ்வளவு புத்திசாலியான வரிசை இருந்தாலும் கூட்டம் நின்றது கீழே, டிரைவருக்குள். போதாக்குறைக்கு, மூலையில் மெதுவான இணைப்போடு இருக்கும் ஒரு போன் மற்றவர்கள் அலைநேரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் இதை 2003-லேயே எழுதியிருந்தார்கள்.

டேவ் டாஹ்ட், டோக்கே ஹொய்லண்ட் யோர்கன்சன் முதலானோர் இதற்கு வழி கண்டு 2017-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வரிசையை டிரைவரிடமிருந்து பிடுங்கி கெர்னலின் பொதுவான வைஃபை அடுக்கில் வைத்து, அங்கே எஃப்க்யூ கோடெலை ஓட்டினார்கள். ஹார்டுவேர் கையில் இரண்டே மூட்டை. அலைநேரத்தை எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்தார்கள். தாமதம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது கிடைக்கும் மொத்த வேகமும் கூடியது. பஃபரைக் குறைத்தால் வேகம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இந்த வேலை லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஓபன்டபிள்யூஆர்டி போட்டால், டிரைவர் ஒத்துழைக்கும் சிப் உள்ள ரவுட்டர்களில் இன்றே கிடைக்கும்.

"ஒத்துழைக்கும்" என்பதில்தான் வில்லங்கம். நிறைய சிப்களில் வரிசை மூடிய ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. வெளியில் இருந்து யாரும் தொட முடியாது. ரவுட்டர் பெட்டியின் மேல் பெரிய பெரிய மெகாபிட் கணக்கு போடுகிறவர்கள், லோடு இருக்கும்போது தாமதம் எவ்வளவு என்று ஒரு வரி போடட்டுமே. நாம் கேட்காதவரை போட மாட்டார்கள். தன் வாழ்நாளில் பல வருடங்களை இந்தக் காத்திருப்பை ஒழிக்கவே செலவிட்ட டேவ் டாஹ்ட் 2025 ஏப்ரலில் காலமானார். அவர் செய்துவைத்ததை எடுத்துப் பயன்படுத்தக்கூட நமக்குச் சோம்பல்.

அடுத்த தடவை வீடியோ கால் திக்கினால், பிளானை மாற்றும் முன் ஒரு பெரிய டவுன்லோடை ஓடவிட்டு உங்கள் ரவுட்டரை ஒரு நிமிஷம் பிங் பண்ணிப் பாருங்கள். அந்த எண் எகிறினால், கேட்க வேண்டியது வேகத்தை இல்லை. அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னால் எங்கள் வார்டனிடம் நான் கேட்கப்போவதும் வேறு ரவுட்டரைத்தான்.