48க்கு 16 என்னும் மூடத்தனம்

காலை ஓயவிடாத சைக்கிள் ஒன்று உண்டு. ஃபிக்ஸ்ட் கியர் என்பது அதன் பெயர். சாதாரண வண்டியிலுள்ள பிறீவீல் இதிற் கிடையாது. பின் பற்சக்கரம் சில்லோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சில்லு சுழலும்வரை பெடல் சுழலும், பெடலோடு காலும் சுழலும். கியர் மாற்றும் வசதியும் இல்லை. முன்னுக்கு எத்தனை பல், பின்னுக்கு எத்தனை பல் என்ற ஒரேயொரு தெரிவை வண்டி வீதிக்கு வருமுன்னரே செய்துவிட வேண்டும். ஏற்றம், இறக்கம், எதிர்காற்று, சிவப்பு விளக்கு, குறுக்கே ஓடிவரும் குழந்தை ஆகிய அனைத்தையும் அந்த ஒரே விகிதத்தோடுதான் எதிர்கொள்ள வேண்டும்.

இத்தனை பாரதூரமான தெரிவை லண்டன் இளைஞர்கள், எங்கள் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம், சப்பாத்துக்கு நிறம் பார்க்கும் அக்கறையோடுதான் செய்கிறார்கள் என்பது எனது குற்றச்சாட்டு. பெரிய விகிதம் வீரம், சிறிய விகிதம் கிழவருக்கு, முன் பிறேக் கோழைகளுக்கு என்று ஒரு வேதமே உருவாகியிருக்கிறது. ஹறோவில் வசிக்கும் எனது பெறாமகன் அந்த வேதத்தை எனக்கும் ஓதினான். "பிறேக் பூட்டினா வண்டியின்ர வடிவு போயிடும், சித்தப்பா" என்றான். அவனுடைய வண்டி 48க்கு 16. விற்றவர் அப்படியேதான் கொடுத்தாராம். எங்கே ஓடப்போகிறாய், வழியில் மேடு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

நான் பொறியியலாளன் அல்லன்; கலைப்பட்டதாரி. ஆயினும் வகுத்தற் கணக்கு மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் சைக்கிளைப் பற்றிப் பேச எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை என்பதும் எனது துணிபு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திற் பெற்றோல் இல்லாத குடாநாட்டை ஓடவைத்தது சைக்கிள்தான். விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதன் கரியரிலே சென்றன. அந்த வண்டிகளின் விகிதம் பெரும்பாலும் இரண்டரையைச் சுற்றியே இருந்தது. சாதாரண மனிதன் ஒருவன் சுமையோடும் எதிர்காற்றோடும் நாள் முழுவதும் மிதிக்க வேண்டும் என்ற நினைவு அவற்றை வடிவமைத்தவர்களுக்கு இருந்திருக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 48ஐ 16ஆல் வகுத்தால் 3. பெடல் ஒருமுறை சுற்றினாற் சில்லு மூன்றுமுறை சுற்றும். இத்தகைய வண்டிகளில் வழக்கமாக இருக்கும் 700 ரகச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர். ஆக ஒரு மிதிச்சுற்றுக்கு 6.3 மீற்றர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 34 கிலோமீற்றர் வேகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லண்டனின் எத்தனையோ வீதிகளில் மோட்டார் வாகனங்களுக்கே மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீற்றர்தான் எல்லை. இந்த வேகத்தை எட்டுமுன் அடுத்த சந்தியில் விளக்கு சிவந்துவிடும். பிறகு நின்ற நிலையிலிருந்து அந்த மூன்றை மீண்டும் உருட்டித் தொடங்க வேண்டும். ஒரு பயணத்தில் இருபது முப்பது தடவை இது நடக்கும். விலை கொடுப்பது முழங்கால். இருபது வயதில் முழங்கால் முறைப்பாடு செய்வதில்லை; அது கணக்கு எழுதி வைத்துக்கொள்ளும்.

42க்கு 17 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2.47. ஒரு சுற்றுக்கு 5.2 மீற்றர், அதே 90 சுற்றுக்கு மணிக்கு 28 கிலோமீற்றர். நகரத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஓடுவது பாதிக் கதைதான். பிறேக் இல்லாத ஃபிக்ஸ்ட் வண்டியை நிறுத்துவதும் காலே. பெடலைப் பின்னோக்கி எதிர்த்து அழுத்த வேண்டும். அவ்வாறு அழுத்தும்போது விகிதம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் காலின் பலம் சில்லிற் குறைந்துபோகும். 2.47இலிருந்து 3க்கு ஏறினால், அதே காலின் அதே அழுத்தத்துக்குச் சில்லிற் கிடைக்கும் தடுப்பு விசை 18 வீதம் குறைகிறது. வேகமாக ஓட விரும்புகிறவன் நிற்கும் பலத்தைத் தன் கையாலேயே குறைத்துக்கொள்கிறான்.

இதற்கு வேதக்காரரிடம் ஒரு பதில் உண்டு: சறுக்கல். உடற்பாரத்தை முன்னுக்குச் சாய்த்து, பெடல்களை ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்து, பின்சில்லைச் சுழலவிடாமல் வீதியில் இழுத்துக்கொண்டு போவது. பார்க்கக் கவர்ச்சியான வித்தைதான். ஆனால் 48க்கு 16 வைத்திருப்பவன் இதைச் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு மிகச்சரியாக மூன்று சுற்று என்றால், வழக்கமான காலை முன்னே வைத்துப் பெடலை இறுக்கும் ஒவ்வொரு தடவையும் சில்லு அதே நிலையிலேதான் நிற்கும். ரயரின் அதே இடந்தான் தார்வீதியிற் தேயும். ரயர் முழுவதும் புதிதாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் நூல் தெரியும். அந்த இடம் எப்போது வெடிக்கும் என்பது ஓட்டுபவனின் அதிர்ஷ்டம்.

பின்னே ஒரு பல்லைக் கூட்டி 48க்கு 17 ஆக்கினால், தேயும் இடங்கள் ஒன்றிலிருந்து 17 ஆகின்றன. சூத்திரம் எளிது: பின்னத்தைச் சுருக்குங்கள், கீழே மிஞ்சும் எண்ணே தேயும் இடங்களின் எண்ணிக்கை. 46க்கு 16ஐச் சுருக்கினால் 23க்கு 8, ஆகவே எட்டு இடங்கள். 44க்கு 16 என்றால் 11க்கு 4, நான்கு இடங்கள். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை செய்யும் கணக்கு. மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஷெல்டன் பிரவுண் (1944–2008) இதையெல்லாம் விளக்கி இணையத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஃபிக்ஸ்ட் கியர்க்காரர்கள் குருவாகக் கொண்டாடும் மனிதர் அவர். வீதியில் ஓடும் ஃபிக்ஸ்ட் வண்டிக்கு முன் பிறேக் வேண்டும் என்றும் அவரே எழுதினார். சீடர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை.

பதினேழு இடம் அல்ல, எழுபது இடம் இருந்தாலும் சறுக்கல் நல்ல பிறேக் ஆகாது. வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சில்லுக்குச் செல்கிறது. பின்சில்லு வீதியைப் பற்றும் வலுவை இழக்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நல்ல முன் பிறேக் உலர்ந்த வீதியில் ஏழு மீற்றரளவில் நிறுத்தும். பின்சில்லை மட்டும் நம்பினால் அதன் இரண்டு மடங்கு, ஏறத்தாழ 14 மீற்றர் வேண்டும். ஈரவீதியில் இன்னும் கூடும்.

அந்த ஏழு மீற்றர் வித்தியாசத்தில் ஒரு மனிதர் நிற்கக்கூடும். 2016 பெப்ரவரியில் லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீற்றில் இரண்டு பிள்ளைகளின் தாயொருவர் வீதியைக் கடக்கையில் ஃபிக்ஸ்ட் சைக்கிள் ஒன்றோடு மோதுண்டு, தலையில் ஏற்பட்ட காயத்தால் உயிரிழந்தார். அது பந்தயத் திடலுக்கென உருவான வண்டி. முன் பிறேக் இல்லை. பிரித்தானியாவின் 1983ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி வீதியில் ஓடும் சைக்கிளுக்குத் தனித்தனியான இரண்டு தடுப்புகள் வேண்டும். ஃபிக்ஸ்ட் சில்லு பின் தடுப்பாகக் கொள்ளப்படும். முன் பிறேக் கட்டாயம். ஓட்டிய இளைஞர் 2017இல் ஆட்கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு, குதிரைவண்டிக் காலத்து 1861ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் 18 மாதத் தண்டனை பெற்றார்.

அப்போது லண்டனின் பரபரப்புப் பத்திரிகைகள் சைக்கிளோட்டிகள் எல்லோரையுமே கொலையாளிகளாகச் சித்திரித்தன. மறுதரப்பினரோ மோட்டார் வாகனங்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பாதசாரிகளைக் கொல்கின்றனவே என்றார்கள். மறுதரப்பின் கணக்குச் சரியானதே. ஆனால் அடுத்தவனின் பெரிய குற்றம் என்னுடைய சிறிய கடமையை இல்லாமற் செய்துவிடுமா? பத்திரிகைத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: இரு தரப்பாரும் உரத்துக் கத்தியதில், சில பவுண் பெறுமதியான ஒரு முன் பிறேக்கைப் பற்றிய பேச்சுத்தான் அமுங்கிப்போனது.

பிறேக் இல்லாத வண்டிக்கு நகரத்திற் சரியான விகிதம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதே எனது வாதத்தின் மையம். காலால் நிறுத்துவதற்காகச் சிறிய விகிதம் வைத்தால், இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீற்றரில் 42க்கு 17 வண்டியின் பெடல் நிமிடத்துக்கு 128 தடவை சுற்றும். பழகாத கால் அந்த வேகத்தைத் தொடர முடியாது. எதிர்த்து அழுத்துவது எங்கே? இறக்கத்துக்காகப் பெரிய விகிதம் வைத்தால் நிறுத்தும் பலம் போய்விடும். முன் பிறேக்கைப் பூட்டுங்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும். நிறுத்துவது கையின் வேலையாகிறது. விகிதத்தை முழங்காலுக்கும் ஏற்றத்துக்கும் ஏற்பத் தெரிவுசெய்யலாம்.

தூய்மை என்று சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? சைக்கிள் பந்தயத் திடலிலிருந்து. 250 மீற்றர் மரத்தளம், எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள், பஸ் இல்லை, நாய் இல்லை, மரக்கறிப் பையோடு கடவையில் இறங்கும் மூதாட்டி இல்லை. அங்கே பிறேக் இருப்பதுதான் ஆபத்து. ஒருவர் திடீரென நின்றாற் பின்னால் வருபவர்கள் அவர்மேல் விழுவார்கள். இந்த வண்டிகளைப் பூசிக்கும் கெய்ரின் பந்தயத்தின் தாயகமான ஜப்பானிலேயே, வீதிக்கு வந்தால் முன்னும் பின்னும் பிறேக் வேண்டும் என்பது சட்டம். கியர் மாற்றும் பொறியை 1937வரை தூர் த பிரான்ஸ் போட்டிக்குள் விடாமற் தடுத்த ஆன்றி தெக்ராஞ், அது 45 வயது கடந்தவர்களுக்கு உரியது என்று எள்ளியதாகச் சொல்வார்கள். நான் அந்த வயதைக் கடந்து சில வருடங்களாயிற்று. எனவே எனக்குக் கோபம் வர நியாயமுண்டு.

இந்த வண்டிகளைத் தடைசெய்ய வேண்டும் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. குளிர்காலத்தில் வீதியிற் கொட்டும் உப்பு கியர் பொறிகளைத் தின்றுவிடும். இதிலே தின்பதற்கு அதிகமில்லை. செயினும் இரண்டு பற்சக்கரங்களுந்தான். வீதியின் ஒவ்வொரு அசைவையும் காலுக்குச் சொல்லும் நேர்மையும் அதற்கு உண்டு. ஈஸ்ற்ஹாமிலிருந்து ஸ்ற்றற்போர்ட் வழியே நகரத்துக்குப் போகிறவருக்குப் பாதை பெரும்பாலும் சமதரை. 46க்கு 17 தாராளமாகப் போதும். ஹறோ மேட்டில் ஏறவேண்டியவர் 42க்கு 17, அல்லது 44க்கு 18 என்று இறங்கட்டும். பின்சில்லை இருபுறமும் பல் பூட்டக்கூடியதாக வாங்கினால் மறுபக்கத்தில் 19 பல்லோ பிறீவீலோ வைத்துக்கொள்ளலாம். சில்லைக் கழற்றித் திருப்பினாற் போதும். முன்கவையில் பிறேக் பூட்டத் துளையே இல்லாத வண்டியை, எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பெறாமகன் பின்பக்கம் 17 பல் பூட்டிவிட்டான், ரயர் செலவு மிச்சம் என்பதால். பிறேக் பற்றிய வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.