கடைசி 15 வினாடிகள்

அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் விறுவிறுப்பைக் கூட்டுவது பற்றிப் பேச்செடுத்தால், விதிகளை மாற்ற வேண்டும், விளம்பரத்தைக் குறைக்க வேண்டும் என்றே முடிகிறது. என்எஃப்எல் இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. 2017இல் ஓர் ஆட்டத்துக்கான விளம்பர இடைவேளைகள் 21இலிருந்து 16 ஆயின. 2024இல் கிக்ஆஃப் விதியே மாறியது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் நம் கைக்கு எட்டுவது, ஒரு பிளே முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஓடும் நேரம். அதை நாம் வீணடிக்கிறோம்.

மூன்று மணி நேரத்தைத் தாண்டும் ஒளிபரப்பில் பந்து ஆட்டத்தில் இருப்பது ஏறக்குறைய 11 நிமிடம் என்று 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்கிட்டது. பலர் இதை விளையாட்டின் குறையாகவே சொல்கிறார்கள். உண்மையில் இரு அணிகளும் ஒன்றையொன்று ஏமாற்றப் பார்ப்பது அந்த இடைவெளியில்தான். ஒரு ரிசீவர் இடமிருந்து வலமாக நகர்கிறார். எதிரணியில் ஒருவர் அவரை ஒட்டியே ஓடினால், ஆளுக்கு ஆள் காவல் என்று குவாட்டர்பேக் ஊகிக்கிறார். அதற்குள் பின்னால் நின்ற சேஃப்டி முன்னே இறங்கிவர, அந்த ஊகம் ஆட்டம் காண்கிறது. அந்நேரம் நம் திரையில் ஓடுவது பயிற்சியாளரின் முகமும், இரண்டு கஜம் போன ஓட்டத்தின் மூன்றாவது ரீப்ளேயும். களம் திரும்பி வரும்போது சேஃப்டிகள் பெரும்பாலும் ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறார்கள்.

முன்கூட்டியே தெரிந்தால்தான் பதற்றம் பிறக்கும் என்பதற்கு நம் துறையிலேயே சான்று உண்டு. 1998இல் வந்த மஞ்சள் கோடு, எந்த இடத்தைத் தாண்ட வேண்டும் என்பதைப் பந்து நகருமுன்பே காட்டியது. இன்று அது இல்லாத ஒளிபரப்பை நினைத்துப் பார்க்க முடியாது. 2019 ஜனவரியில் நியூ இங்கிலாந்து–கன்சாஸ் சிட்டி ஆட்டத்தில் டோனி ரோமோ அடுத்த பிளேயை முன்னதாகவே சொல்லச் சொல்ல, அவரது வர்ணனையே பெரும் பேச்சானது.

அகலக் காட்சியில் வீரர்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிவார்கள், கைபேசியில் இன்னும் மோசம் என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் 2014 முதல் வீரர்களின் தோள்கவசத்தில் சிப் இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஒருவரை மட்டும் வட்டமிட்டுக் காட்டலாம். அமேசானின் பிரைம் விஷன் இத்தகைய காட்சியை ஏற்கெனவே தருகிறது. தேடிப்போய்ப் பார்ப்பவருக்கான தனி ஒளிபரப்பாக அது ஒதுங்கி நிற்பதுதான் வருத்தம். சாதாரண ரசிகருக்கு வியூகம் புரியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்தச் சேஃப்டி இறங்குவாரா மாட்டாரா என்ற ஒரே கேள்வி போதும். அதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. அணிகளின் ரகசியம் வெளியாகும் என்பதும் பொருந்தாது. அரங்கின் மேல்வரிசையில் இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். 22 பேரையும் காட்டும் பயிற்சியாளர் படத்தை 2012 முதல் லீகே ரசிகர்களுக்கு விற்கிறது.

ரீப்ளேயை ஒழிக்கச் சொல்லவில்லை. 1963இல் டோனி வெர்னா தொடங்கிவைத்த அந்த உத்தி திருப்புமுனைகளுக்கு அவசியம். எல்லை ஒன்று வேண்டும், அவ்வளவே. பிளே கடிகாரம் 15 வினாடியைத் தொட்டதும் பயிற்சியாளருக்கும் குவாட்டர்பேக்குக்குமான ரேடியோ துண்டிக்கப்படுகிறது. அதே நொடியில் ரீப்ளேயும் நிற்கட்டும், அகலக் கேமரா களத்துக்கு வரட்டும். ஆகஸ்டில் நடக்கும் முன்பருவ ஆட்டம் ஒன்றில் ஒரு கால்பகுதிக்கு மட்டும், முதன்மை ஒளிபரப்பிலேயே, இதைச் சோதித்துப் பார்க்க இயக்குநர்கள் முன்வர வேண்டும்.