சின்ன ரப்பர் போனதுக்கு மொத்த கார்பரேட்டரையும் மாத்தணுமா?

பைக் நிற்கும் இடத்தில் தினமும் பெட்ரோல் சொட்டுது. சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் சத்தம் இறங்க மாட்டேங்குது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "கார்பரேட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்கிறார். பழைய பைக் வைத்திருக்கும் பலரும் கேட்ட வசனம்தான் இது. ஆனால், பல நேரம் போயிருப்பது கார்பரேட்டர் இல்லை. அதில் இருக்கும் ரப்பர்தான்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புதிய பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் பால் கேன் கட்டிக்கொண்டு போகிற, டெலிவரிக்கு ஓடுகிற பழைய வண்டிகளில் இன்னமும் கார்பரேட்டர்தான். இந்த வண்டிகளுக்கும் இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். கலக்காத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்துவிட்டது.

எத்தனால் பழைய வகை ரப்பரை ஊற வைக்கும். காய்ந்ததும் ரப்பர் சுருங்கி, விறைத்து, வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்குப் பாதிப்பு அதிகம். அதே நேரம், எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடவும் முடியாது. இன்ஜின் சூட்டிலும் வயதாலும் எந்த ரப்பரும் ஒருநாள் போகத்தான் செய்யும்.

எந்த ரப்பர், என்ன அறிகுறி?

முதலில் நீடில் வால்வு. கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே எழும்பி, ஒரு சின்ன ஊசியால் வழியை அடைக்கும். அந்த ஊசி நுனி ரப்பர் தேய்ந்தால் பெட்ரோல் நிற்காது; ஓவர்ஃப்ளோ ஆகும். வண்டியை நிறுத்தும்போது டேப்பை மூடாவிட்டால், அந்தப் பெட்ரோல் இன்ஜின் ஆயிலிலும் கலக்கலாம். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதீங்க.

அடுத்தது கிண்ணத்தைச் சுற்றியுள்ள ஓ-ரிங். இது தட்டையாகிப் போனால் கிண்ணம் சேரும் இடத்தில் ஈரம் கசியும்.

மூன்றாவது, கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்ட். இதில் வெடிப்பு விழுந்தால் அந்த வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகும். ஐட்லிங் தானாக ஏறும், இன்ஜின் சூடாகும், ஸ்பார்க் பிளக் வெளுத்துப்போகும்.

நான்காவது டயாஃப்ரம். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் கேபிளே ஸ்லைடைத் தூக்கும். இந்த ரப்பர் அங்கே கிடையாது. வேக்யூம் வகை கார்பரேட்டரில் காற்றழுத்தம்தான் ஸ்லைடைத் தூக்கும், அதற்குத்தான் இந்த மெல்லிய ரப்பர் சவ்வு. இதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலே பிக்கப் போய்விடும். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை தெரியும்.

ஒட்டலாமா, மாத்தணுமா?

மாத்தத்தான் வேணும். உடனடி பசையோ, பஞ்சர் பேட்ச்சோ பெட்ரோலில் நிலைக்காது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரை அளவு பார்த்துப் போடுவதும் ஆபத்து. பெட்ரோலில் அது ஊதிவிடும். உங்க வண்டி மாடலுக்கான கார்பரேட்டர் கிட் கேட்டு வாங்குங்க. தனி ஓ-ரிங் வாங்கினால் வைட்டான் ரகமா என்று கேளுங்க. அது எத்தனாலைத் தாங்கும். கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும் முன் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிடணும், இல்லாவிட்டால் நல்ல ரப்பரையும் அது கெடுக்கும். கையோடு பெட்ரோல் டியூபையும் வளைத்துப் பாருங்க. வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாத்துங்க. சூடான இன்ஜின் மேல் சொட்டும் பெட்ரோல் தீப்பிடிக்கப் போதும்.

யார் பொறுப்பு?

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் தந்தது. சில பழைய வண்டிகளில் சுமார் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், அதற்குச் செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே முடித்துவிடலாம் என்றது. அந்த ரப்பர் தனியாகக் கிடைத்தால் இது சரி. டயாஃப்ரம் ஸ்லைடோடு சேர்த்துத்தான், நீடில் மொத்த செட்டாகத்தான் கிடைக்கும் என்றால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை ஆயிரங்களுக்குப் போகும். அன்றாடக் கூலிக்கு அந்த வண்டியை நம்பியிருப்பவருக்கு அது சில நாள் சம்பளம்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் குழு அமைத்தது, தனி இணையதளமும் திறந்தது. வாகனத் துறையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதன் பலன் தெருமுனை ஸ்பேர்ஸ் கடை வரை வரணும். நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும் எத்தனால் தாங்கும் ரப்பர் கிட்டை நிறுவனங்கள் தனியாக விற்கணும். எந்த மாடலுக்கு எந்தக் கிட் என்று தமிழில் பட்டியல் போடணும். எரிபொருளை மாற்றியது வண்டிக்காரர் முடிவு இல்லை. அதனால் அதற்கேற்ற பாகத்தைத் தேடி அலைவதும் அவர் தலையில் விழக்கூடாது.

அதுவரை நம்ம கையில் இருப்பது ஒன்றுதான். "கார்பரேட்டர் போயிடுச்சு" என்று சொன்னால், "எந்தப் பாகம் போச்சு, காட்டுங்க அண்ணே" என்று கேளுங்க. மாத்தினால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்க. நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.