ஃப்ரீலான்ஸ் ரைட்டிங்ல வர்ற காசு முழுசும் உங்க காசு இல்ல!



சைடு இன்கம் பத்தி நம்ம சேனல்ல எப்போ வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வந்துடும். “ப்ரோ, ஆபீஸ் முடிஞ்சு வந்து கன்டென்ட் ரைட்டிங் பண்றேன். மாசம் 30,000 ரூபாய்க்கு மேல வருது. வேலையை விட்டுடலாமா?”

என் பதில்: இப்போ விடாதீங்க. ஒரு நிதியாண்டு முழுக்க அந்தக் காசை ஒரு தொழிலோட காசா நடத்திப் பாருங்க. அதுக்கப்புறம் முடிவு எடுங்க.

ஏன் சொல்றேன்னா, நானும் அந்தத் தப்பைப் பண்ணவன்தான். ஆரம்பத்துல எழுத்து வேலைக்கு வந்த பணம் எல்லாம் என் சம்பள அக்கவுண்ட்லயே விழுந்துச்சு. வீட்டு வாடகை, பைக் இ.எம்.ஐ., ஸ்விக்கி எல்லாம் அதுலயே போச்சு. கணக்கு கேட்டப்போ ரெண்டு நாள் உக்காந்து ஸ்டேட்மென்ட்டை வரி வரியா தேடினேன். அப்புறம்தான் உண்மையான அடி விழுந்துச்சு: வரி.

ஒரு கணக்கு பாக்கலாம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. உங்க சம்பளம் வருஷத்துக்கு 10 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 9.25 லட்சம். 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கறதால வரி பூஜ்யம். சந்தோஷம்!

இப்போ எழுத்து வேலையில 4 லட்சம் வருது. செலவு எதையும் கழிக்கலைன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 13.25 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டினதால தள்ளுபடி போயிடுச்சு. செஸ் சேர்த்து வரி 81,900 ரூபாய். கிளையன்ட்டுகள் எல்லாரும் 10% டி.டி.எஸ். பிடிச்சிருந்தாலும் அது 40,000தான். மீதி 41,900 ரூபாய் உங்க கையிலிருந்து போகணும். “அதான் டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்களே”ன்னு நிம்மதியா இருக்கறவங்க மாட்டறது இங்கதான்.

இதை ரிட்டர்ன் போடும்போது கட்டிக்கலாம்னும் விட முடியாது. டி.டி.எஸ். போக கட்ட வேண்டியது 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேலன்னா, ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15னு நாலு தவணையில அட்வான்ஸ் டேக்ஸ் கட்டணும். தவறினா வட்டி. இன்னொண்ணு, வழக்கமா போடற ஐ.டி.ஆர்.-1 இதுக்குச் செல்லாது. ஐ.டி.ஆர்.-3 அல்லது 4. எதுன்னு ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க. அந்த ஃபீஸ் வீண் செலவு இல்ல.

சரி, என்ன பண்ணலாம்?

முதல்ல, தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட். எழுத்து வேலைப் பணம் அதுல மட்டும்தான் வரணும். வந்த அன்னைக்கே 20% எடுத்து வரிக்குன்னு ஒதுக்கிடுங்க. அது அரசாங்கத்தோட காசு, உங்களோடது இல்ல. லேப்டாப், இன்டர்நெட், சாஃப்ட்வேர் பில் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போடுங்க. தொழில் செலவா காட்ட உதவும்.

ரெண்டாவது, இன்வாய்ஸ். வாட்ஸ்அப்ல “சார், பேமென்ட் பிளீஸ்”னு கெஞ்சறது இன்வாய்ஸ் ஆகாது. நம்பர், தேதி, பணம் வர வேண்டிய கடைசி நாள் மூணும் இருக்கணும். புது கிளையன்ட்கிட்ட பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்க. கேக்க கூச்சமாதான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு. கூச்சப்பட்டு முன்பணம் கேக்காம முடிச்ச ஒரு வேலைக்கு இன்னைக்கு வரைக்கும் பணம் வரல. ஆதார் வச்சு உத்யம்ல இலவசமா பதிவு பண்ணிக்கோங்க. சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

மூணாவது, உங்களுக்கு நீங்களே சம்பளம் குடுங்க. ஒரு மாசம் 55,000 வரும், அடுத்த மாசம் 8,000 வரும். ரெண்டு மாசமும் அதே 20,000தான் எடுக்கணும். மீதி அக்கவுண்ட்லயே கிடக்கட்டும்.

இப்படி ஒரு வருஷம் ஓட்டினா, வேலையை விடலாமாங்கற கேள்விக்கு உங்க அக்கவுண்ட்டே பதில் சொல்லும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: வேலையை விட்டா கம்பெனி போடற பி.எஃப். பங்கு இல்ல, குரூப் இன்ஷூரன்ஸ் இல்ல, சம்பளத்தோட லீவு இல்ல. காய்ச்சல்ல படுத்தா அன்னைக்கு வருமானம் பூஜ்யம். 6 மாசச் செலவுக்கான பணமும், உங்க பேர்ல ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸும் இருந்தா தைரியமா பேப்பர் போடுங்க. ரெண்டும் இல்லாம போடறது ரிஸ்க் எடுக்கறது இல்ல, சூதாட்டம்.

இன்னைக்கே அந்தத் தனி அக்கவுண்ட்டை ஓப்பன் பண்ணுங்க. அட்வான்ஸ் டேக்ஸ் ஆன்லைன்ல எப்படிக் கட்டறதுன்னு அடுத்த வீடியோவுல பாக்கலாம்.